முதலாளியின் திறப்புக் கோர்வை

மருதனார்மடச் சந்தியிலிருந்து காங்கேசன்துறை வீதியால் யாழ்ப்பாண நகரப் பக்கம் போனால், இணுவில் முடிந்து கோண்டாவில் தொடங்கும் இடம்வரை வியாபாரந்தான். அரைக்கும் மில்லுகள், இரும்புக் கடைகள், தளபாடக் கடைகள், அவற்றுக்குப் பின்னால் செம்மண் தோட்டங்கள். புகையிலையும் சுருட்டும் சோறு போட்ட ஊர் இணுவில். அண்ணா கோப்பி என்ற பெயரை வீட்டுக்கு வீடு கொண்டுபோன ஊரும் இதுதான். இங்கே நாற்பத்தைந்து வயது தாண்டிய ஒரு முதலாளியிடம் தொழிலை எங்கே படித்தீர்கள் என்று கேட்டால், தகப்பனிடம், மாமனிடம், கொழும்பில் ஒரு கடையில் என்று பதில் வரும். அவர் படித்த பெரிய பள்ளிக்கூடம் இன்னொன்று உண்டு. அதன் பெயரை அவர் சொல்லமாட்டார்.

பெற்றோலும் பற்றரியும் உரமும் சீமெந்தும் வராத போர்க்காலப் பொருளாதாரத் தடைக்குள், ஒரு சொட்டுப் பெற்றோலில் எஞ்சினை இயக்கி மண்ணெண்ணெயில் ஓடவிட்டு மில் நடத்தியவர்களின் பரம்பரை இது. 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமமே ஒன்றாக எழும்பி மழையில் நாவற்குழிப் பாலம் தாண்டித் தென்மராட்சிக்கு நடந்தபோது, கடையைப் பூட்டித் திறப்பை மடியில் கட்டிக்கொண்டு போனவர்கள் இவர்கள். 1996 ஏப்ரல், மே மாதங்களில் திரும்பி வந்தபோது பலருக்குப் பூட்டும் இல்லை, கதவும் இல்லை. 2002 இல் ஏ9 பாதை திறந்ததும் மூச்சு விட்டார்கள். 2006 ஓகஸ்டில் அது முகமாலையில் மூடப்பட்டதும் திரும்பவும் மூச்சை அடக்கினார்கள்.

அந்தக் காலம் சொல்லித் தந்தவை கொஞ்சமல்ல. சாமானைக் குவித்து வை. காசைக் காட்டாதே. பெயரை எழுதாதே. எல்லாவற்றையும் ஒருவரிடம் சொல்லாதே. திறப்பைக் கையை விட்டு விடாதே. அன்றைக்கு இவை சரியான பாடங்கள். இவற்றைக் கைக்கொண்டவர்கள் பிழைத்தார்கள். தங்களை நம்பியிருந்த குடும்பங்களையும் பிழைக்க வைத்தார்கள். அந்தப் புத்தியைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை, உரிமையும் இல்லை. இந்த அத்தியாயம் கேட்கும் கேள்வி வேறு. போர் முடிந்த 2009 மே மாதத்துக்குப் பிறகு இத்தனை ஆண்டுகள் போய்விட்டன. உங்கள் கடையில் இன்றைக்கு எடுக்கப்படும் முடிவுகளில் எவ்வளவை இன்றைய நிலவரம் பார்த்து எடுக்கிறீர்கள், எவ்வளவை அந்த நாட்களின் பயம் எடுக்கிறது?

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் உளமருத்துவப் பேராசிரியராக இருந்த தயா சோமசுந்தரம் 2007 இல் வெளியிட்ட ஓர் ஆய்வுக் கட்டுரையில், வடக்கின் கூட்டு மனவடுவின் அடையாளங்களை எடுத்துச் சொன்னார். நம்பிக்கையின்மை, சந்தேகம், மௌனம், பிறரில் தங்கியிருத்தல், செயலற்றுப்போதல் ஆகியவற்றோடு அவர் சேர்த்த இன்னொன்று தரங்கெட்ட தலைமைத்துவம். ஒரு மனிதரின் நித்திரையைக் கெடுப்பதோடு மனவடு நிற்பதில்லை, ஒரு சமூகம் தன்னை நடத்திக்கொள்ளும் விதத்தையும் கெடுக்கிறது என்பது அவர் கண்டது. ஊருக்குப் பொருந்துவது ஊரிலுள்ள ஒரு கடைக்கும் பொருந்தும். பத்துப் பேர் வேலை செய்யும் மில்லிலும் ஒரு தலைமை இருக்கிறது.

குவித்து வைத்தல்

ஒரு மிளகாய்த்தூள் மில்லை எடுத்துக்கொள்வோம். முதலாளி பத்து இலட்சம் ரூபாவுக்குச் செத்தல் மிளகாய் மூட்டைகளைத் தேவைக்கு மேலாக வாங்கி அடுக்கியிருக்கிறார் என்று வையுங்கள். அந்தக் காசு வங்கிக் கடனாக, ஆண்டுக்கு 15 வீத வட்டிக்கு எடுத்தது என்றால், மூட்டை சும்மா கிடப்பதற்கே மாதம் 12,500 ரூபா போகிறது. மாரி மழையில் ஈரம் ஏறினால் பூஞ்சணம் பிடிக்கும். கண்ணுக்குத் தெரியாத அஃப்ளாடொக்சின் நஞ்சு அதிலிருந்துதான் வருகிறது. நிறமும் மங்கும். கணக்கு இப்படித் தெளிவாக இருந்தும் அவர் அடுத்த லொறிக்கும் சொல்லிவிடுவார். களஞ்சியம் பாதி காலியானால் அவருக்கு இரவில் நித்திரை வராது.

2022 ஐ மறந்து பேசுகிறீர்களா என்று நீங்கள் கேட்கலாம். கேட்க வேண்டியதுதான். எரிபொருளுக்கு நாட்கணக்கில் வரிசை, கியூ.ஆர். குறியீடு, 2021 இல் ஒரே இரவில் வந்த இரசாயன உரத் தடை, அடுத்த ஆண்டே எழுபது வீதத்தை நெருங்கிய பணவீக்கம் என்று எல்லாம் பார்த்தாயிற்று. அப்போது குவித்து வைத்தவர்கள் தப்பினார்கள். தென்னிலங்கைக் கடைக்காரர் தவித்தபோது எங்களூர்க்காரர் அவ்வளவு பதறவில்லை என்பதும் உண்மை. ஆகவே இருப்பே வைக்காதீர்கள் என்று நான் சொல்லமாட்டேன். இருப்புக்கு ஒரு காரணமும் ஒரு முடிவுத் திகதியும் இருக்க வேண்டும் என்று சொல்கிறேன். இத்தனை கிழமைக்கான சாமான், இன்ன காரணத்துக்காக, இன்னாருக்கு விற்பதற்காக என்று மூன்று வரி எழுதிக் களஞ்சியக் கதவில் ஒட்டுங்கள். அந்த மூன்று வரியும் எழுத வந்தால் அது வியாபாரம். எழுத வராமல், ‘எதுக்கும் இருக்கட்டும்’ என்று மட்டும் வாயில் வந்தால், லொறிக்குச் சொல்வதை ஒரு நாள் தள்ளிப்போடுங்கள்.

எழுதாத பெயர்கள்

இந்த அத்தியாயத்தில் எனக்கு மிக முக்கியமானது இந்தப் பகுதி.

பெயர்ப்பட்டியல் என்றாலே வயிறு கலங்கிய காலம் ஒன்று இருந்தது. சுற்றிவளைப்பில், சோதனைச் சாவடியில், முகமூடி போட்ட தலையாட்டியின் முன்னால், எங்கேயாவது ஒரு தாளில் பெயர் இருப்பது உயிருக்கு ஆபத்து. இலாபம் எவ்வளவு என்று வெளியே தெரிந்தால் வந்து கேட்பவர்களும் எல்லாப் பக்கத்திலும் இருந்தார்கள். அதனால் கணக்கு தலைக்குள்ளேயே இருந்தது. எழுதினாலும் இரண்டு கொப்பி. வேலைக்கு நிற்கும் பெடியனுக்கு முழுப்பெயர் கிடையாது, ‘சின்னவன்’, ‘வண்டில் தம்பி’ என்றுதான் அழைப்பு. அவனுக்கும் அதுதான் பாதுகாப்பு.

இன்றைக்கு அதே பழக்கம் யாரைப் பாதிக்கிறது என்று பாருங்கள். 1958 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டத்தின்படி, வேலை செய்பவரின் சம்பளத்தில் 8 வீதமும் முதலாளியின் பங்காக 12 வீதமும் ஊழியர் சேமலாப நிதிக்குப் போக வேண்டும். 1980 இல் வந்த சட்டத்தின்படி ஊழியர் நம்பிக்கை நிதிக்கு முதலாளி இன்னும் 3 வீதம் கட்ட வேண்டும். நிரந்தரம், தற்காலிகம் என்ற வேறுபாடு இதற்கு இல்லை. பெயர் எழுதப்படாத தொழிலாளிக்கு இந்த மூன்றும் இல்லை. இருபது ஆண்டு மூட்டை சுமந்தபிறகு முதுகு போய் வீட்டுக்குப் போகும்போது, கையில் கொடுக்கும் சிறுதொகை முதலாளியின் மனதைப் பொறுத்ததாகி விடுகிறது. அந்த முதலாளி நல்லவராக இருக்கலாம், அவன் பிள்ளையின் கலியாணத்துக்கு அள்ளிக் கொடுத்திருக்கலாம். ஆனாலும் அவனுக்குச் சேர வேண்டிய உரிமை கருணையாக மாறிவிட்டது. ஒரு காலத்தில் அவனைக் காத்த மௌனம் இன்றைக்கு அவனுடைய முதுமையைச் சுரண்டுகிறது. இதை இதைவிட மென்மையாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

முதலாளியும் தப்புவதில்லை. எழுதிய கணக்கு இல்லாத தொழிலுக்கு வங்கி நியாயமான வட்டிக்குக் கடன் கொடுக்காது. பிறகு லீசிங்கும், மீற்றர் வட்டியும், நகையடைவுந்தான்.

செய்ய வேண்டியதை ஒரே நாளில் செய்ய முயலாதீர்கள், உடம்பு எதிர்க்கும். முதல் மாதம் ஒரே ஒரு கொப்பியில் வேலை செய்யும் அனைவரின் முழுப்பெயர், அடையாள அட்டை இலக்கம், வேலைக்கு வந்த திகதி, சம்பளம் ஆகியவற்றை நீங்களே உங்கள் கையால் எழுதுங்கள். கணக்குப்பிள்ளையிடம் விடவேண்டாம். எழுதும்போது கை தயங்கும் இடம் எது என்று கவனியுங்கள். அந்தத் தயக்கம் வரி பற்றியதா, காசு பற்றியதா, அல்லது அதைவிடப் பழைய ஒன்றா? வரியும் காசும் என்றால் கணக்காளரோடு கதைத்துத் தீர்க்கலாம். பழையது என்றால், அது பழையது என்று தெரிந்துகொண்டே எழுதி முடியுங்கள். இரண்டாம் மாதம் தொழில் திணைக்களத்தில் பதிவு. அதன்பிறகு ஒவ்வொரு மாதத்துக்கான பணத்தையும் அடுத்த மாத முடிவுக்குள் கட்ட வேண்டும். கட்டிய பற்றுச்சீட்டைத் தொழிலாளருக்குக் காட்டுங்கள். தன் பெயர் ஒரு தாளில் இருப்பதைப் பயமில்லாமல் பார்க்கும் அனுபவம் அவர்களில் சிலருக்கு அதுவே முதல் தடவையாக இருக்கும்.

திறப்பு

எல்லாத் திறப்பும் ஒரே கோர்வையில், அந்தக் கோர்வை ஒரே இடுப்பில். முதலாளி ஆசுப்பத்திரியில் படுத்தால் கடை பூட்டு. திருவிழாவுக்குப் போனாலும் அரை மனது லாச்சியில். கனடாவிலிருந்து தமக்கை குடும்பம் வந்து நின்றாலும் மதியம் ஒரு மணிக்கு மேல் வீட்டில் இருப்புக் கொள்ளாது.

இதை நேர்மையின்மை பற்றிய பயம் என்று பலர் நினைக்கிறார்கள். ‘இந்தக் காலத்துப் பெடியளை நம்பேலாது’ என்பார்கள். நம்பக்கூடாதவர்களும் இருக்கிறார்கள்தான். ஆனால் நம்பலாமா இல்லையா என்று சோதித்தே பார்க்காத ஒருவரால் அதைச் சொல்ல முடியாது. பூட்டிவிட்டுப் போனதெல்லாம் ஒரு தடவை முழுதாகப் போனது என்பதுதான் உள்ளே கிடக்கும் நினைவு. கண்ணுக்கு முன்னால் இல்லாதது இல்லாமலே போய்விடும் என்று உடம்பு நம்பிவிட்டது.

முதலில் களஞ்சியத் திறப்பை ஒருவரிடம் கொடுங்கள். லாச்சியைப் பிறகு பார்க்கலாம். இருவர் சேர்ந்து எண்ணி, இருவரும் கையெழுத்து வைக்கும் ஒழுங்கை முதலில் செய்துவிட்டுக் கொடுங்கள், ஏனென்றால் கண்ணை மூடிக்கொண்டு நம்புவதும் பயத்தின் மறுபக்கந்தான். ஒரு கிழமை அந்த அறைப் பக்கம் போகாதீர்கள். அந்தக் கிழமையில் உங்கள் நெஞ்சு எப்போது படபடக்கிறது, யாரில் எரிந்து விழுகிறீர்கள், எத்தனை முறை போன் எடுக்கிறீர்கள் என்று குறித்து வையுங்கள். கிழமை முடிவில் இருப்பைச் சரிபாருங்கள். சாமான் குறைந்திருந்தால் ஆளை மாற்றலாம், ஒழுங்கை இறுக்கலாம். குறையாமல் இருந்தால், உங்கள் உடம்புக்கு ஒரு புதிய சாட்சி கிடைத்திருக்கிறது. அப்படிப்பட்ட சாட்சிகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்வதுதான் ஆறுதல். புத்திமதி சொல்லிப் பயம் போவதில்லை.

வெளிநாட்டுச் சகோதரங்களின் காசு போட்ட தொழில் என்றால் இதே விதி அங்கேயும். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை நட்டத்தையும் சேர்த்து எழுதி அனுப்புங்கள். மறைத்த நட்டம்தான் குடும்பங்களைப் பிரிக்கிறது.

உடம்பு முந்திக்கொள்ளும்

யாழ்ப்பாண மாவட்டத்தில் 2009 ஜூலை முதல் செப்டெம்பர் வரை நடத்தப்பட்ட ஓர் ஆய்வு, 2011 இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் வந்தது. பதற்றத்தின் அறிகுறிகள் 32.6 வீதமானோரிடம், மனச்சோர்வின் அறிகுறிகள் 22.2 வீதமானோரிடம், நெருக்கீட்டுக்குப் பின்னான மனவடு நோயின் அறிகுறிகள் 7.0 வீதமானோரிடம் இருந்தன. பெரும்பாலானோர் நோயாளராகவில்லை, மூன்றில் ஒருவருக்குப் பதற்றம் உடம்பில் ஊறியிருந்தது என்ற இரண்டையும் சேர்த்தே இந்த எண்களில் படிக்க வேண்டும். பதற்றம் உள்ள ஒருவர் கடை நடத்துவார், கலியாணம் பேசுவார், கோயில் தர்மகர்த்தாவாகவும் இருப்பார். பார்ப்பவர்களுக்கு ஒன்றும் தெரியாது. லொறி இரண்டு மணித்தியாலம் பிந்தினால், சாரதி போன் எடுக்காவிட்டால், அவர் மனம் ரயர் பஞ்சரில் நிற்காது. நேராக மிக மோசமான முடிவுக்குப் போய்விடும். லொறி வந்து சேர்ந்ததும் சாரதிக்குக் கிடைப்பது வசவு. சாரதிக்குக் காரணம் விளங்காது, முதலாளிக்கும் விளங்காது.

எங்கள் ஊரில் மனத்துன்பம் பெரும்பாலும் உடம்பின் மொழியிலேயே கதைக்கிறது. தலையிடி, நெஞ்சடைப்பு, உடம்பு உளைவு, பெருமூச்சு. அதனால் ஆறுதலையும் உடம்பிலிருந்து தொடங்குவது எங்களுக்குப் பொருந்தும். தயா சோமசுந்தரமும் அவரோடு வேலை செய்தவர்களும் மூச்சுப் பயிற்சி, சாந்தி ஆசனம், அவரவர் சமயத்துக்கேற்ற புனிதச் சொல்லை மெல்லத் திரும்பத் திரும்பச் சொல்லுதல் போன்றவற்றைச் சிகிச்சைக்குள் கொண்டுவந்தார்கள். சைவருக்கு மந்திரம், கத்தோலிக்கருக்குச் செபமாலை, முஸ்லிம்களுக்கு திக்ர். தவில் மேதை தட்சிணாமூர்த்தி பிறந்த ஊரில், தாளத்தோடு சேர்ந்து மூச்சு ஒழுங்குக்கு வருவதைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை.

கடையில் செய்யக்கூடியது எளிது. கோபமோ பயமோ பொங்கும்போது நாலு எண்ணும் நேரம் மூச்சை உள்ளே இழுத்து, ஆறு எண்ணும் நேரம் வெளியே விடுங்கள். வெளிமூச்சு நீளும்போது இதயத் துடிப்பு தணியும். ஐந்து நிமிடம் போதும், அதற்குப் பிறகு போன் எடுங்கள். கண்ணை மூடியதும் பழைய காட்சி வருகிறது என்றால் மூடாதீர்கள். கண்ணைத் திறந்து, சுற்றியிருக்கும் சாமான்களை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லுங்கள். தராசு, மூட்டை, நாட்காட்டி. நாட்காட்டியில் இன்றைய திகதியையும் வாய்விட்டு வாசியுங்கள்.

முடிவுக் கொப்பி

ஐம்பதாயிரம் ரூபாவுக்கு மேல் போகும் ஒவ்வொரு முடிவையும், ஆளை நிறுத்தும் ஒவ்வொரு முடிவையும் ஒரு கொப்பியில் எழுதுங்கள். தொகையை உங்கள் தொழிலின் அளவுக்கு ஏற்ப மாற்றலாம். என்ன முடிவு, அதற்கு ஆதாரமாகக் கையில் இருக்கும் எண்கள் எவை, அந்த நேரம் உடம்பு எப்படி இருந்தது, இந்த நிலைமை முன்னர் எந்த ஆண்டை ஞாபகப்படுத்துகிறது என்று நாலு விடயம். கடைசிக் கேள்விக்குப் பெரும்பாலும் பதில் இருக்காது. இருந்தால், ஓர் இரவு பொறுங்கள். தீப்பிடித்தது போன்ற அவசரம் இல்லாத எந்த முடிவும் ஓர் இரவைத் தாங்கும். மாத முடிவில் கொப்பியைப் புரட்டி, எண்கள் இல்லாமல் எடுத்த முடிவுகள் எத்தனை, அவற்றில் சரியாகப் போனவை எத்தனை என்று எண்ணுங்கள். யாருக்கும் காட்ட வேண்டியதில்லை.

இதோடு சம்பந்தப்பட்ட ஓர் ஆராய்ச்சியையும் சொல்ல வேண்டும். அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1986 இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்கள் தொடர்ந்து நாலு நாள், நாளுக்குப் பதினைந்து நிமிடம் தங்கள் மிக மோசமான அனுபவத்தைப் பற்றி எழுதினார்கள். எழுதிய உடனே மனம் இன்னும் கனத்தது. ஆனால் அடுத்த ஆறு மாதத்தில், நடந்ததையும் அப்போது பட்ட உணர்ச்சியையும் சேர்த்து எழுதியவர்கள் மருத்துவ நிலையத்துக்குப் போனது குறைந்தது. நீங்களும் முயலலாம். ஆனால் வியாபாரம் கூடிய தீபாவளிக் கிழமையிலோ, வீட்டில் ஒருவரும் இல்லாத இரவிலோ தொடங்காதீர்கள்.

பரிசளிப்பு மேடைகளில் ‘போர் எங்களைப் புடம்போட்டது’ என்று கேட்கும்போது எனக்கு உடன்பட முடிவதில்லை. மனவடுவுக்குப் பின்னான வளர்ச்சி பற்றி 1990களில் எழுதிய ரெடெஸ்கியும் கல்ஹூனும், துன்பம் தானாக வளர்ச்சி தரும் என்று சொல்லவில்லை. அதோடு மல்லுக்கட்டும்போது சிலருக்கு வளர்ச்சி வருகிறது, வந்தாலும் துன்பம் கூடவே இருக்கிறது என்றார்கள். பட்ட காயத்தைத் தகுதிச் சான்றிதழாகக் காட்டும் முதலாளி, தன் தொழிலாளியின் காயத்தைச் சின்னதாகப் பார்ப்பார். ‘நாங்கள் படாததோ?’ என்ற ஒரு சொல்லால் எத்தனை பேருடைய வாயை அடைத்திருக்கிறோம்.

உங்களிடம் வேலை செய்பவர்கள்

மில்லில் மிளகாய்க் காம்பு உடைக்கும் பெண்ணுடைய கணவர் காணாமல் ஆக்கப்பட்டிருக்கலாம். லொறிக் கிளீனர் பெடியன் 2009 இல் வன்னியில் கைக்குழந்தையாக இருந்திருக்கலாம். இவர்களை உட்கார வைத்து ‘மனதில் உள்ளதைக் கொட்டு’ என்று கேட்காதீர்கள். நல்லெண்ணம்தான், ஆனாலும் வேண்டாம். ஒரே அமர்வில் எல்லாவற்றையும் சொல்ல வைப்பது நன்மை தருவதில்லை என்று ஆய்வுகள் காட்டிவிட்டன. 2011 இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கைநூலும் பார், கேள், உதவியோடு தொடர்புபடுத்து என்றுதான் சொல்கிறது, தோண்டு என்று சொல்லவில்லை. அதோடு நீங்கள் சம்பளம் கொடுப்பவர். உங்களிடம் மறுப்புச் சொல்ல அவர்களால் முடியாது.

கதை கேட்பதைவிடப் பெரிய உதவி உங்களிடம் இருக்கிறது. சம்பளத்தை ஒரே திகதியில் கொடுங்கள். ‘நாளைக்குப் பாப்பம்’ வேண்டாம். மனவடுவிலிருந்து மீள்வது பற்றி 1992 இல் எழுதிய ஜுடித் ஹெர்மன் முதற்படியாக வைத்தது பாதுகாப்பை. அழுவதும் நினைவுகூர்வதும் அதற்குப் பிறகு. பத்தாம் திகதி காசு வரும் என்று உறுதியாகத் தெரிந்த வீட்டில் அடுப்பு பற்றிய பயம் குறைகிறது. கிழமைக்குக் கிழமை தவணைக்கு வாசலில் வந்து நிற்கும் நுண்கடன்காரரிடம் கையேந்த வேண்டியதும் குறைகிறது. அந்தக் கடன் எவ்வளவு பேரைப் பிழிந்தது என்றால், 2018 இல் வரட்சி பாதித்த மாவட்டங்களின் பெண்களுக்கு ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்வதாக அரசாங்கமே அறிவிக்க வேண்டி வந்தது. அவசரத்துக்கு முற்பணம் கொடுக்கும் ஒழுங்கையும் எழுதி வையுங்கள். யாருக்கு, எவ்வளவு, எத்தனை மாதத்தில் கழிப்பது என்று எழுதியிருந்தால் கேட்பவர் கூனிக் குறுக வேண்டியதில்லை.

லீவு விடயத்தில் ஒன்று. திவசத்துக்குக் கேளாமலே லீவு கொடுங்கள். காணாமல் ஆக்கப்பட்டோரின் வீட்டில் திவசமும் இல்லை. அந்தியேட்டி செய்தால் ஆளை நாங்களே சாகக் கொடுத்ததாகிவிடும், செய்யாவிட்டால் கடமை தவறியதாகிவிடும் என்ற இரண்டுக்கும் நடுவில் அந்த வீடு நிற்கிறது. பொலின் பொஸ் என்ற ஆய்வாளர் இதைத் தெளிவற்ற இழப்பு என்று தனியாகவே ஆராய்ந்தார். இப்படிப்பட்டவர்களுக்கு ஆண்டில் இரண்டு நாள், காரணம் கேளாத லீவு என்று ஒதுக்குங்கள். எல்லா ஊழியருக்கும் அதையே கொடுத்தால் யாரும் யாரையும் குறிப்பாகப் பார்க்கமாட்டார்கள்.

பிழை சொல்ல இடம் கொடுப்பதும் உங்கள் கையில்தான். அமெரிக்க ஆராய்ச்சியாளர் ஏமி எட்மண்ட்சன் 1990களில் மருத்துவமனைத் தாதியர் குழுக்களைப் பார்த்தபோது, நல்ல தலைமை உள்ள குழுக்களில் மருந்துப் பிழைகள் கூடுதலாகப் பதிவாகியிருந்தன. அங்கே பிழை கூட நடந்ததால் அல்ல, பயமில்லாமல் சொன்னதால் என்பதே அவர் கண்டுகொண்ட விளக்கம். உங்கள் மில்லில் பிழையே நடப்பதில்லை என்று உங்களுக்குத் தோன்றினால் கொஞ்சம் யோசியுங்கள். அரைத்த தூளில் ஈரம் இருந்ததை வாடிக்கையாளர் சொல்லித்தான் நீங்கள் அறிகிறீர்கள் என்றால், அதை முதலில் கண்டவர் உங்களுக்குப் பயந்து வாய் திறக்கவில்லை.

இதற்குப் புதிதாக எந்தக் கூட்ட முறையையும் இறக்குமதி செய்ய வேண்டியதில்லை. எங்கள் சுருட்டுக் கொட்டில்களில் ஒருவர் பத்திரிகையை உரத்து வாசிக்க, மற்றவர்கள் இலையைச் சுற்றிக்கொண்டே கேட்டு, விவாதித்து, மறுத்துப் பேசிய வழக்கம் இருந்தது. கை வேலையில் இருக்கும்போது வாய் தானாகத் திறக்கும். முகத்துக்கு முகம் பார்க்க வேண்டியதில்லை என்பதால் கடினமானதையும் சொல்ல முடியும். கிழமையில் ஒரு நாள், காம்பு உடைக்கும் இடத்தில் அரை மணித்தியாலம் நீங்களும் ஒரு சுளகோடு குந்துங்கள். போன கிழமை எது பிழைத்தது என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். முதல் இரண்டு மூன்று கிழமை ஒருவரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். பிறகு யாராவது ஒருவர், ‘முதலாளி, அந்த ரெண்டாம் மில்லுக் கல்லு சூடாகுது’ என்று தொடங்குவார். சொன்னவருக்கு நன்றி சொல்லி, அன்றைக்கே கல்லைப் பாருங்கள். அன்றைக்கே பார்க்காவிட்டால் இந்த முயற்சி முழுவதும் வீண்.

ஏசவேண்டி வந்தால் தனியே கூப்பிட்டு ஏசுங்கள். வாசலை மறித்து நின்று ஏசாதீர்கள். வெளியே போக வழி தெரியாத இடத்தில் சத்தம் கேட்டால் சிலருடைய உடம்பு உங்கள் சொல்லைக் கேட்பதை நிறுத்திவிடும். கடைத் திறப்புவிழாவுக்குச் சீனவெடி கொளுத்துவதென்றால் முதல் நாளே எல்லாருக்கும் சொல்லுங்கள்.

கொப்பியும் மூச்சும் போதாதபோது

மாதக்கணக்காக நித்திரை இல்லை, கனவில் பழையது திரும்பத் திரும்ப வருகிறது, குடி கூடுகிறது, பிள்ளைகள் உங்களுக்குப் பயந்து ஒதுங்குகிறார்கள், செத்துப்போகலாம் என்று தோன்றுகிறது என்றால் இந்த நூலை மூடிவிட்டு மருத்துவரிடம் போங்கள். இணுவிலிலிருந்து வடக்கே தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும், தெற்கே யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையிலும் உளநலப் பிரிவுகள் உண்டு. அரச வைத்தியசாலைகளில் இதற்குக் காசு இல்லை. யாராவது கண்டுவிடுவார்கள் என்ற கூச்சம் இருக்கும். நீரிழிவுக்கும் பிறஷருக்கும் போகிற அதே வாசலால்தான் போகிறீர்கள். முடிவுக் கொப்பியைக் கையோடு கொண்டுபோனால், மருத்துவர் கேட்கும் பாதிக் கேள்விகளுக்குப் பதில் அதில் இருக்கும். முதல் தடவை மனைவியையோ நெருங்கிய நண்பரையோ கூட்டிக்கொண்டு போங்கள்.

தேசிய உளநல நிறுவகத்தின் தொலைபேசி இலக்கம் 1926. அதைக் கடையில் சம்பளத் திகதி எழுதிய தாளுக்குப் பக்கத்தில் பெரிய எழுத்தில் ஒட்டுங்கள். உங்களிடம் வேலை செய்பவர் ஒருவர் உளநலப் பிரிவுக்குப் போய்வர அரை நாள் கேட்டால், அந்த அரை நாளைச் சம்பளத்தில் வெட்டாதீர்கள்.